எர்த் எங்கே என்று கேளுங்கள்!

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்திய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போனஸைப் பற்றியும் கூலி உயர்வைப் பற்றியும் கேட்க வந்திருப்பீர்கள். அவற்றை மற்றத் தோழர்கள் பேசுவார்கள். நாம் எடுத்துக்கொண்டிருப்பது வேறு விஷயம். நம் வீட்டுச் சுவரில் ஓடுகிற மின்சார ஒயரைப் பற்றிப் பேசப்போகிறோம். அந்த ஒயரை நாமே இழுத்துக்கொள்ளலாமா, அல்லது கூலி கொடுத்து ஒயர்மேனைக் கூப்பிட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

"இது சங்கத்தில் பேசுகிற விஷயமா?" என்று சிலர் முணுமுணுக்கலாம். சங்கத்தில்தான் பேச வேண்டும் என்கிறோம். ஆலையில் யந்திரம் ஒரு தொழிலாளியின் கையைப் பறித்தால் நாம் கேட்டுக்கு முன்னால் கூடுகிறோம். நிர்வாகத்தைக் கேள்வி கேட்கிறோம். நஷ்டஈடு வாங்காமல் விடுவதில்லை. அதே தொழிலாளியின் வீட்டில் மின்சாரம் தாக்கி ஒரு உயிர் போனால் என்ன செய்கிறோம்? "விதி" என்று சொல்லிவிட்டுக் கலைந்துபோகிறோம். அது விதியல்ல தோழர்களே. அதற்குக் காரணம் இருக்கிறது. தடுப்பதற்கு வழியும் இருக்கிறது.

ஒரு வீட்டில் நடந்தது

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறோம். பேர் வேண்டாம். அந்தத் தோழர் நூற்பாலையில் ஃபிட்டர். இருபது வருஷ சர்வீஸ். ஓடுகிற ரிங் பிரேமின் பக்கத்தில் நின்று, சத்தத்தைக் கேட்டே எந்த ஸ்பிண்டிலில் கோளாறு என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட கை.

அவர் வீட்டுக்குக் கிரைண்டர் வந்தது. அடுக்களையில் ப்ளக் பாயிண்ட் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே உட்கார்ந்தார். விளக்குக்குப் போகிற லைனில் ஒரு முறுக்கு ஜாயிண்ட் போட்டார். சுவரோரமாக ஒயரை இழுத்தார். சுவிட்சும் ப்ளக்கும் மாட்டினார். கிரைண்டர் ஓடியது. அன்று சாயங்காலம் நாமும் அங்கே போயிருந்தோம். காப்பி குடித்தோம். "ஆளைக் கூப்பிட்டிருந்தால் இரண்டு நாள் கூலி போயிருக்கும்" என்று சிரித்தார். "பலே!" என்று நாமும் முதுகில் தட்டிக்கொடுத்தோம்.

மூன்று வருஷம் நன்றாகத்தான் ஓடியது. இதைக் கவனியுங்கள். ஒரு நாள் இரண்டு நாளல்ல, மூன்று வருஷம்! பிறகு ஒரு ஐப்பசி. அடைமழை. சுவரெல்லாம் ஓதம். அடுக்களைத் தரையெல்லாம் ஈரம். அவர் மனைவி மாவு ஆட்டி முடித்தார். சுவிட்சை அணைத்தார். அணைத்த பிறகுதான் ஈரக் கையோடு கிரைண்டரைக் கழுவப்போனார். அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

சுவிட்சை அணைத்த பிறகு எப்படி ஷாக் அடித்தது? பின்னால் வந்து சோதித்தவர்கள் சொன்னார்கள். ஃபேஸ் லைனில் வர வேண்டிய சுவிட்ச் நியூட்ரல் லைனில் இருந்தது. ஆகவே சுவிட்சை அணைத்தால் கிரைண்டர் நின்றது, கரண்டு நிற்கவில்லை. அது கிரைண்டருக்குள்ளேயே காத்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒயரின் உறை கெட்டுத் தண்ணீர் பட்டதும் வெளி உடம்புக்கு வந்துவிட்டது. ப்ளக்கில் மூன்று ஓட்டை இருந்தது. எர்த்துக்கான ஓட்டையின் பின்னால் ஒயரே இல்லை. கசிகிற கரண்டைக் கண்டு அறுத்துவிடுகிற சாதனமும் அந்த வீட்டில் இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவரைப் பார்க்கப் போனோம். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அன்றைக்கு நீங்கள் எத்தனை பேர் வந்தீர்கள்! எல்லோரும் நன்றாயிருக்கிறது என்றீர்கள். ஒருத்தர்கூட எர்த் எங்கே என்று கேட்கவில்லையே?"

நம்மிடம் பதில் இல்லை. அவர் தன்மேலும் பழி போட்டுக்கொண்டார். ஆனால் அவர் கேட்டது நியாயம். அந்தக் கேள்வியைத்தான் இன்று இந்த மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறோம்.

இரண்டு கட்சி

நம் மக்களிடையே இந்த விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு.

ஒரு கட்சி சொல்லுகிறது: "ஆயிரக்கணக்கான ஸ்பிண்டில்களை ஓட்டுகிற நமக்கு ஒரு பல்பு லைன் இழுக்கத் தெரியாதா? ஒயர்மேனுக்குக் கொடுக்கிற காசில் ஒரு வாரத்து அரிசி வாங்கலாம்." இதை நாம் ஏளனம் செய்ய மாட்டோம். உழைக்கிற கைக்கு உள்ள பெருமை நியாயமான பெருமை. கையில் காசில்லை என்பதும் பொய்யல்ல.

இன்னொரு கட்சி சொல்லுகிறது: "மின்சாரம் என்றாலே எமன். பக்கத்திலேயே போகாதே. பல்பு மாற்றவும் ஆளைக் கூப்பிடு." இதிலும் பாதி உண்மை இருக்கிறது, பாதி அபாயமும் இருக்கிறது. வீட்டில் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவனால், மனைவியோ பிள்ளையோ ஷாக்கில் துடிக்கும்போது எப்படிக் காப்பாற்ற முடியும்?

நம் கருத்து இதுதான்: மின்சாரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டியது நம் எல்லோருடைய கடமை. ஒயர் இழுத்து இணைப்பது அதைப் பயின்றவருடைய வேலை.

ஏன் இப்படிப் பிரிக்கிறோம்? காரணம் இருக்கிறது. ரிங் பிரேமில் தப்புச் செய்தால் உடனே நூல் அறுந்து காட்டிக்கொடுக்கும். வரப்பில் ஓட்டை விட்டால் தண்ணீர் ஓடிக் காட்டிக்கொடுக்கும். நடவில் தப்புச் செய்தால் நாற்று வாடும். ஒயரிங்கில் தப்புச் செய்தால் என்ன ஆகிறது? விளக்கு எரிகிறது! பேன் சுற்றுகிறது! சுவிட்ச் எந்த லைனில் இருந்தாலும் பல்பு எரியும். எர்த் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிரைண்டர் ஓடும். தப்பு தெரிவது என்றோ ஒரு மழைநாளில், யாரோ ஒருவர் கை வைக்கும்போதுதான். "எரிகிறதே, பிறகென்ன?" என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்லுவது: எரிகிறது என்பதால் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. சரியா என்பதைச் சோதிக்கத் தனிக் கருவி வேண்டும். தனிப் பயிற்சி வேண்டும்.

எவ்வளவு கரண்டு போதும்?

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஈரமான உடம்பின் தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், அதில் பாயக்கூடியது 230 மில்லி ஆம்பியர். பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே கைச்சதை இறுகிவிடும். பிடித்ததை விட முடியாது. "கரண்டு பிடித்து இழுக்கிறது" என்று நாம் சொல்லுகிறோமே, அது இதுதான். இழுப்பது கரண்டல்ல, நம் சதையே நம் பேச்சைக் கேட்பதில்லை. 30 மில்லி ஆம்பியருக்கு மேல் நெஞ்சின் வழியாகச் சற்று நேரம் பாய்ந்தால் இருதயத் துடிப்பு தாறுமாறாகிவிடக்கூடும்.

ஒரு 40 வாட் பல்பு எரிய எவ்வளவு கரண்டு ஓடுகிறது தெரியுமா? சுமார் 174 மில்லி ஆம்பியர். அதில் ஆறில் ஒரு பங்கு போதும், ஒரு மனித உயிருக்கு ஆபத்து வர.

"பியூஸ் இருக்கிறதே!" என்பார்கள். 5 ஆம்பியர் பியூஸ் என்றால் 5,000 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால்தான் அது உருகும். 230 மில்லி ஆம்பியரில் ஒருவர் செத்துக்கொண்டிருக்கும்போது பியூஸ் அசையாது. பியூஸ் காப்பாற்றுவது ஒயரை, ஆளையல்ல. இப்போது பல வீடுகளில் பியூஸுக்குப் பதிலாக எம்.சி.பி. வந்திருக்கிறது. அதற்கும் இதே கதைதான்.

ஆளைக் காப்பாற்ற இரண்டு காவல் வேண்டும். ஒன்று எர்த். கிரைண்டரின் உடம்பில் கரண்டு வந்தால், அது மனிதன் வழியாகப் போகாமல் ஒயர் வழியாக மண்ணுக்குப் போக எர்த் வழி விடுகிறது. இரண்டாவது, ஆர்.சி.சி.பி. என்கிற சாதனம். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. நடுவில் 30 மில்லி ஆம்பியர் எங்காவது கசிந்தால், கண் சிமிட்டுகிற நேரத்தில் லைனை அறுத்துவிடுகிறது. எர்த் மட்டும் போதாதா என்றால், போதாது. காய்ந்த மண்ணில் எர்த்தின் தடை 20 ஓம் இருந்தால், அதன் வழியாகப் போவது பதினோரு, பன்னிரண்டு ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு விழாது. ஆகவே இரண்டும் வேண்டும். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே சமயத்தில் இரண்டு கையால் பிடித்தால் ஆர்.சி.சி.பி.யாலும் காப்பாற்ற முடியாது என்பதையும் மறக்கக்கூடாது.

சாமான் வந்தது, ஒயர் மாறியதா?

பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் ஓட ஆரம்பித்தது. அந்த மின்சாரம் கோவை ஆலைகளைப் பெருக வைத்தது. ஆனால் ஆலையின் யந்திரத்துக்கு வந்த மின்சாரம் அதை ஓட்டிய தொழிலாளியின் வீட்டுக்கு வர எவ்வளவோ காலம் பிடித்தது. விவசாயத் தொழிலாளியின் குடிசைக்கு அது வந்தபோது எப்படி வந்தது? ஒரு குடிசைக்கு ஒரு விளக்கு என்று வந்தது. ஒரு பல்புக்கு ஏற்ற ஒயர். ஒரு பல்புக்கு ஏற்ற சுவிட்ச். எர்த்தைப் பற்றிப் பேச்சே இல்லாத இணைப்புகள் எத்தனையோ!

பிறகு என்ன நடந்தது? 2006இல் வந்த சர்க்கார் கலர் டெலிவிஷன் கொடுத்தது. 2011இல் வந்த சர்க்கார் மிக்ஸி, கிரைண்டர், பேன் கொடுத்தது. வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உரலில் கிடந்து தேய்ந்த நம் தாய்மார்களின் கைகளுக்கு அது ஓய்வு கொடுத்தது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை: சாமான் வந்ததே, அதைத் தாங்குகிற ஒயர் வந்ததா? மூன்று முள் ப்ளக்கோடு கிரைண்டர் வந்தது. சுவரிலோ இரண்டு ஓட்டைதான். நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? மூன்றாவது முள்ளை உடைத்தார்கள். அல்லது ஒயரை வெட்டி, தீக்குச்சி வைத்துச் சொருகினார்கள். எர்த் முள்ளை உடைக்கிறபோது தன் வீட்டுக் காவலையே உடைக்கிறோம் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

இன்னொன்று. கரண்டு இரண்டு மடங்கானால் ஒயரில் பிறக்கிற சூடு நாலு மடங்காகும். பல்பு எரிய 0.17 ஆம்பியர் என்றோம். 750 வாட் இஸ்திரிப்பெட்டிக்கு 3.3 ஆம்பியர். தண்ணீர் காய்ச்சுகிற 1,500 வாட் ஹீட்டர் கம்பிக்கு 6.5 ஆம்பியர். பல்புக்காக இழுத்த மெல்லிய ஒயரில், கையால் முறுக்கிய ஜாயிண்டில் இதையெல்லாம் ஓட்டினால், ஒயர் சுவருக்குள்ளேயே வெந்துகொண்டிருக்கும். பியூஸ் அடிக்கடி போகிறதென்று அதில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைப்பவர்கள் உண்டு. அவர்கள் காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுத் தூங்கப்போகிறார்கள். கூரை வீட்டில் இதன் முடிவு என்ன என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

நாமே செய்யக்கூடியது

இப்போது வேலைப் பிரிவினைக்கு வருவோம். நாமே செய்யக்கூடியது எது?

மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, அதை எப்படி அணைப்பது என்று வீட்டில் குழந்தைவரை எல்லோருக்கும் காட்டிவைக்கலாம். மெயினை அணைத்துவிட்டு, காய்ந்த கையோடு, காலில் செருப்போடு, பல்பு மாற்றலாம். அதே மாதிரி அணைத்துவிட்டு, பியூஸ் கட்டையில் அதே அளவுக் கம்பியைப் போடலாம். உடைந்த சுவிட்சை அதே இடத்தில் மாற்றவும் சட்டம் தடை சொல்லவில்லை. ஆனால் எந்த ஒயர் எங்கே இருந்தது என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் அதையும் தொட வேண்டாம். ஆர்.சி.சி.பி. இருந்தால், அதில் உள்ள டெஸ்ட் பித்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். லைன் விழ வேண்டும். விழாவிட்டால் காவல்காரன் செத்துவிட்டான் என்று அர்த்தம்.

துணி காயப்போடுகிற கம்பியைப் பற்றிக் கிராமத்துத் தாய்மார்களுக்கு முக்கியமாகச் சொல்லுகிறோம். வீட்டுக்கு வருகிற சர்வீஸ் ஒயரைத் தாங்குகிற பைப்பிலோ இழுவைக் கம்பியிலோ துணிக் கம்பியைக் கட்டாதீர்கள். காற்றில் உரசி ஒயரின் உறை தேய்ந்தால் அந்தக் கம்பி முழுவதும் கரண்டு. ஈரத்துணியோடு போகிறவர் திரும்பி வரமாட்டார். இரும்புக் கம்பியை அவிழ்த்துவிட்டுக் கயிறு கட்டுங்கள். இதற்கு ஒயர்மேன் வேண்டாம். நாளைக் காலையிலேயே செய்யலாம்.

நாம் செய்யக்கூடாதது எது? புது லைன் இழுப்பது. புது ப்ளக் பாயிண்ட் போடுவது. சுவருக்குள் ஜாயிண்ட் போடுவது. மீட்டர் பக்கம் கை வைப்பது. கம்பத்தில் ஏறுவது. எர்த் இல்லையென்று நியூட்ரலையும் எர்த்தையும் ப்ளக்குக்குள் முடிச்சுப் போடுவது மகா அபாயம். வெளியே எங்காவது நியூட்ரல் அறுந்தால், வீட்டில் ப்ளக்கில் மாட்டிய இரும்புச் சாமான் எல்லாம் கரண்டு ஏறி நிற்கும்.

இது நாம் போடுகிற கோடல்ல. 1956ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளிலேயே இந்தக் கோடு இருக்கிறது. பல்பு, பேன், பியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவது தவிர, மற்ற ஒயரிங் வேலையை உரிமம் பெற்ற கான்ட்ராக்டரும் தகுதிச் சான்று பெற்ற ஆட்களும்தான் செய்ய வேண்டும் என்பது விதி. பிறகு 2010இலும் 2023இலும் வந்த ஒழுங்குமுறைகளும் இதைக் கைவிடவில்லை.

ஒயர்மேன் நம் ஆள்

"கூலி கொடுக்க வேண்டுமே" என்று அலுத்துக்கொள்ளுகிறவர்களை ஒன்று கேட்கிறோம். ஒயர்மேன் யார்? அவனும் நம்மைப்போல் அன்றாடம் கைவேலை செய்து பிழைக்கிறவன். ஏணியில் நின்று, வெயிலில் ஓட்டுக்குமேல் தவழ்ந்து, ஒவ்வொரு நாளும் உயிரைப் பணயம் வைக்கிறவன். தவறி விழுந்தால் அவனுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறதா? பெரும்பாலும் இல்லை. நம் கூலியை முதலாளி அடித்துப் பேசினால் நமக்குக் கோபம் வருகிறது. நாமே இன்னொரு தொழிலாளியின் கூலியை அடித்துப் பேசலாமா? அப்படி அடித்தால் அவன் எதில் குறைப்பான்? கண்ணுக்குத் தெரியாததில் குறைப்பான். எர்த்தில் குறைப்பான், ஒயரின் தடிமனில் குறைப்பான். நாம் மிச்சம் பிடித்ததாக நினைக்கிற காசு, நம் வீட்டுச் சுவருக்குள்ளேயே குறையாகப் புதைந்து கிடக்கும்.

அதற்காகச் சட்டைப்பையில் டெஸ்டர் செருகியவனெல்லாம் ஒயர்மேன் என்று நம்பவும் வேண்டாம். தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்குகிற வாரியம் இருக்கிறது; அது தகுதிச் சான்று கொடுக்கிறது. அந்தச் சான்று இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல தொழிலாளி கோபித்துக்கொள்ள மாட்டான்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று நாலு கேள்வி கேளுங்கள். சுவிட்ச் ஃபேஸில்தானே வருகிறது? ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள செம்பு ஒயர்தானே? விளக்குக்கு ஒன்றரை சதுர மில்லிமீட்டர், பெரிய ப்ளக்குக்கு இரண்டரை அல்லது நாலு என்று தனித்தனியாகத்தானே இழுக்கிறாய்? பச்சை ஒயர் ஒவ்வொரு ப்ளக்குக்கும் வந்திருக்கிறதா, அது எந்த இடத்தில் மண்ணுக்குள் போகிறது? இந்தக் கேள்விகளைக் கேட்கத்தான் நாம் மின்சாரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறோம். அறிவு நமக்கு, வேலை அவனுக்கு, பாதுகாப்பு இரண்டு பேருக்கும்.

ஒயர்மேன் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 1982ஆம் வருஷத்து உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியாகப் போராடிப் பெற்றவை நல வாரியங்கள். கட்டிட வேலையில் மின்வேலை செய்கிறவர்களும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளலாம். பதிந்துகொள்ளுங்கள். சங்கத்துக்கும் வாருங்கள்.

காசில்லாதவன் என்ன செய்வது?

இதுதான் கடினமான கேள்வி. "எல்லாம் சரி, காசுக்கு எங்கே போவது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. தனியாக ஒருவன் என்றால் வழி குறைவு. சேர்ந்தால் வழி இருக்கிறது.

ஒரு வரிசையில் பத்து வீடு இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வீடும் பத்துத் தடவை ஒயர்மேனைக் கூப்பிட்டால் பத்துத் தடவை செலவு. பத்து வீட்டாரும் சேர்ந்து ஒரே ஒயர்மேனை இரண்டு, மூன்று நாளைக்குக் கூப்பிட்டால் சாமானும் மொத்தமாக வாங்கலாம். வேலையும் ஒழுங்காக நடக்கும். மாதம் ஒரு வீட்டுக்கு ஆர்.சி.சி.பி. என்று சீட்டுப் போட்டுக்கூட வாங்கலாம். கல்யாணத்துக்கும் பாத்திரத்துக்கும் சீட்டுப் போடுகிற தாய்மார்களுக்கு இது கஷ்டமா?

"நாமே செய்வோம்" என்கிற கட்சியாருக்கும் இங்கே வேலை இருக்கிறது. எர்த் குழி தோண்ட ஒயர்மேன் எதற்கு? அது மண்வெட்டி பிடித்த கையின் வேலை. சுமார் இரண்டரை மீட்டர் இரும்புக் குழாய் இறங்குகிற அளவுக்குக் குழி. குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும். இதைத் தோண்டி நிரப்ப நம் விவசாயத் தொழிலாளரைவிடத் தேர்ந்தவர் யார்? கோடையில் குழி காயாமல் தண்ணீர் விடுவதும் நம் வேலை. சுவரில் காடி வெட்டுவது, பைப்பு பதிப்பது, சாமான் சுமப்பது, கடைசியில் பூசுவது எல்லாம் நாம் செய்யலாம். ஒயரை இணைப்பதும் சோதிப்பதும் மட்டும் அவர் கையில் இருக்கட்டும். கூலிச் செலவு குறையும்; யாருடைய கூலியையும் அடித்துக் குறைக்க வேண்டியதில்லை.

ஆனால் எல்லாப் பாரத்தையும் நாமே சுமக்க வேண்டுமா? வேண்டாம். வாடகை வீட்டில் இருப்பவரின் ஒயரிங்குக்கு வீட்டுக்காரர் பொறுப்பேற்க வேண்டும். வாடகை வாங்கத் தெரிந்தவருக்கு எர்த் போடவும் தெரிய வேண்டும். ஆலைக் குடியிருப்புக்கும், இளம் பெண் தொழிலாளர்களை அடைத்துவைத்திருக்கிற விடுதிகளுக்கும் நிர்வாகம் பொறுப்பு. யந்திரத்துக்கு எர்த் போடாமல் நிர்வாகம் ஆலையை ஓட்ட முடியாது. யந்திரத்தை ஓட்டுகிறவள் தூங்குகிற அறைக்கு மட்டும் வேண்டாமா? அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இதையும் எழுதுவோம்.

சர்க்காரையும் கேட்போம். 2016 முதல் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்றார்கள். நல்லது. அந்த யூனிட் ஆளைக் கொல்லாமல் வர வேண்டாமா? குடிசைகளிலும் சர்க்கார் கட்டிக்கொடுத்த பழைய தொகுப்பு வீடுகளிலும் ஒயரிங்கைச் சோதித்து, சர்க்கார் செலவில் எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் போட்டுக்கொடுக்க வேண்டும். அந்த வேலைக்கு உள்ளூர் ஒயர்மேன்களையே நியாயமான கூலிக்கு வைக்க வேண்டும். சாமான் கொடுக்கப் பணம் இருந்தது. அதைப் பயமில்லாமல் தொடுவதற்குப் பணம் இல்லையென்று சொல்ல முடியாது.

ஷாக் அடித்தால்

இதைக் கேட்டு மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது ஷாக் அடித்தால் முதலில் அவரைத் தொடாதீர்கள். பாசத்தால் ஓடிப்போய்ப் பிடித்து, இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் சேர்ந்து செத்த வீடுகள் உண்டு. மெயினை அணையுங்கள். அணைக்க முடியாவிட்டால், காய்ந்த இடத்தில் நின்று, காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடுங்கள். இது வீட்டு லைனுக்குத்தான். தெருவில் உயர் அழுத்தக் கம்பி அறுந்து கிடந்தால் கிட்டேயே போகாமல் மின்சார அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

ஆளை விடுவித்ததும் 108க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். மூச்சில்லை என்றால், தண்ணீர் தெளித்துக்கொண்டும் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டும் நேரத்தைப் போக்காதீர்கள். நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை பலமாக அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். களைத்தால் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். சங்கங்கள் இதற்கு ஒரு நாள் பயிற்சி நடத்த வேண்டும் என்பதையும் இந்தக் கூட்டத்தின் தீர்மானமாகக் கேட்டுக்கொள்ளுகிறோம்.

தோழர்களே! அந்த ஃபிட்டர் தோழர் இன்றும் ஆலைக்குப் போகிறார். ஷிப்டு முடிந்தால் சமையலும் அவர்தான். அந்தக் கிரைண்டரை அவர் விற்கவில்லை, உபயோகிக்கவும் இல்லை. போன மாதம் அவருடைய தெருவில் ஏழு வீட்டார் சேர்ந்து எர்த் போட்டார்கள். குழியை முதலில் தோண்ட ஆரம்பித்தவர் அவர்தான். ஒயர்மேன் வந்து இணைத்தார். கருவி வைத்துச் சோதித்தார். அவர் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு ப்ளக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்று இரவு நீங்கள் வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். விளக்கைப் போட்டுவிட்டு, எர்த் எங்கே என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்கும் போய்க் கேளுங்கள். பதில் இல்லாத வீடுகளின் கணக்கை அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து வேலையைத் தொடங்குவோம்.